அண்ணையின் டோர்ச்சும் என் அலுமினியத் துண்டும்

அண்ணை டோர்ச் லைற்றைக் குசினி மேசையில், நான் அரிந்துகொண்டிருந்த பயித்தங்காய்க்குப் பக்கத்தில் வைத்தார். கருகல் மணம் அவருக்கு முன்னரே படியேறி வந்துவிட்டது.

"திரும்பவுமோ அண்ணை?"

"ஓம் பிள்ளை. ஒருக்கா நீலமா எரிஞ்சுது. பிறகு இல்லை."

கத்தியைக் கழுவி வைத்துவிட்டு டோர்ச்சின் தலையைக் கழற்றினேன். எல்.ஈ.டி.யின் நடுவில் இருக்கவேண்டிய மஞ்சள் பொட்டு கறுத்துப்போயிருந்தது. அதன் அடியில் நான் பூசியிருந்த வெள்ளைப் பசை காய்ந்து பொருக்கு வெடித்துக் கிடந்தது. ஒரு கம்பி கழன்று அந்தரத்தில் நின்றது.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அண்ணை மீது இல்லை, சூட்டை இழுக்கவென்று நான் பூட்டிய அந்த அலுமினியத் துண்டின் மீது. விரல் நுனி எல்லாம் தேய அரத்தால் ராவி, அளவு பார்த்து, திரும்ப ராவிப் பொருத்தியது. உனக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று அதனிடம் வாய்விட்டுக் கேட்காத குறை.

அண்ணை கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, தன்பாட்டில் பயித்தங்காயை முறிக்கத் தொடங்கினார். முறித்தபடியே சொன்னார்:

"விடு பிள்ளை. வதனி சொல்லுற மாதிரியே செய்வம். என்ரை கண்ணும் வரவர மோசமாத்தான் போகுது. நீ எவ்வளவு வெளிச்சம் செய்து தந்தாலும் எனக்குக் கால்மாட்டிலை ஒரு சொட்டுத்தான் தெரியுது."

அந்தக் கடைசி வசனத்தை நான் ஒழுங்காகக் காதில் வாங்கியிருந்தால் காரணம் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். வதனி என்ற பெயர் விழுந்ததும் மற்றதெல்லாம் என் காதை விட்டுப் போய்விட்டது.

இருட்டினால் முடிகிற ஆட்டம்

எங்கள் வளவு கொக்குவிலில், ரெயில் பாதைக்குக் கிட்ட. முன்வீட்டில் அண்ணை, பின்வீட்டில் நான். அண்ணி காலமானபிறகு சமையல் ஒரே குசினியில்தான். எனக்குக் கலியாணம் இல்லை. அண்ணையின் ஒரே மகள் வதனி கனடாவில். ஆக, வளவுக்குள் இரண்டு பழசுகளும் ஒரு நாயும். நாய்க்கும் வயது போய்விட்டது.

அண்ணைக்கு உள்ள ஒரேயொரு பைத்தியம் முன்னூற்றிநாலு. அந்தச் சீட்டாட்டம் தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, தெரியாதவர்களுக்கு விளக்கினாலும் விளங்காது. நாலு பேர், கையில் சீட்டு, ஒரு துரும்பு, வாய்ச்சத்தம். காசு வைப்பதில்லை. தோற்றவர்களை மற்ற நாள் வரைக்கும் நக்கலடிக்கும் உரிமைதான் பந்தயம். ஒழுங்கை முடிந்து, ரெயில் பாதையைக் கடந்து போனால் வாசிகசாலை. அதன் பின்னால் உள்ள கொட்டிலில் வெயில் தாழத் தொடங்கி, சீட்டில் சிவப்பும் கறுப்பும் பிரித்தறிய முடியாமல் போகும்வரை ஆடுவார்கள்.

அண்ணைக்குப் பிரச்சினை அந்த நேரத்தில்தான் தொடங்கும். பகலில் அவர் பேப்பரின் மரண அறிவித்தல்களைக் கண்ணாடி போட்டுக் கடைசி வரி வரைக்கும் வாசிப்பார். மைமல் பொழுது வந்துவிட்டால் தன் வீட்டு வாசற்படியைக் காலால் தடவுவார். மாலைக்கண் என்று ஊரில் சொல்வது. கண் டொக்டர் நீளமான வேறொரு பெயர் சொன்னார். மருந்தில்லை, ஒப்பரேஷன் இல்லை, இருட்டுப்பட்டால் நல்ல வெளிச்சம் வைத்துக்கொள்ளுங்கோ என்றார். அண்ணை வெளியே வந்து, இதைச் சொல்லத்தானோ அந்தாள் இவ்வளவு படிச்சவர் என்று கேட்டார்.

பிறகு ஒருநாள் ஆட்டம் முடிந்து வரும்போது தண்டவாளத்துக் கல்லில் இடறி விழுந்தார். முழங்கால் உரசியதோடு போயிற்று. ஆனால் நான் காயத்துக்கு மருந்து கட்டி முடிக்க முன்னரே செய்தி கனடாவுக்குப் போய்விட்டது. எங்கள் ஒழுங்கையில் அந்த வசதி உண்டு.

வதனி அழுதாள். ரெயில் பாதையில் விழுந்தவரை இனியும் தனியே விட முடியாது, கனடாவுக்குக் கூப்பிடப் போகிறேன் என்றாள். அவளைப் பிழை சொல்ல மாட்டேன். அண்ணை போனில் ஓம் ஓம் என்றபடி இருந்துவிட்டு, போனை வைத்ததும் என்னைப் பார்த்தார். அங்கே அந்த அடுக்குமாடி வீட்டில் முன்னூற்றிநாலு ஆட நாலு பேர் சேருமோ என்று கேட்டார். அவர் பகிடிக்குக் கேட்கவில்லை.

நான் வதனியிடம் கெஞ்சி ஒரு தவணை வாங்கினேன். கோயில் திருவிழாவுக்கு அவள் வருவாள். வந்து தன் கண்ணால் பார்க்கட்டும். அப்பா இருட்டில் தானாக நடந்து வந்தால் கனடாப் பேச்சை விடுவது, இல்லாவிட்டால் கூட்டிப்போவது.

எனக்குப் பயமாக இருந்தது. அண்ணை போய்விட்டால் அந்தக் குசினியில் நான் யாருக்குச் சமைப்பது?

சூட்டைப் படிப்பித்தவள்

நான் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் என்பது இந்தத் தொடரை வாசித்து வருகிறவர்களுக்குத் தெரியும். உலோகக் கோலில் மெழுகால் குண்டூசிகளை ஒட்டி, ஒரு நுனியைச் சூடாக்கி, ஊசிகள் ஒவ்வொன்றாக விழுவதைக் காட்டுகிற அந்தப் பரிசோதனையை எத்தனையோ வகுப்புக்குச் செய்து காட்டியிருக்கிறேன். ஊசி விழும், பிள்ளைகள் சிரிப்பார்கள், மணி அடிக்கும். சூட்டோடு எனக்கிருந்த சகவாசம் அவ்வளவுதான்.

கடைகளில் விற்கிற டோர்ச்சுகளை வாங்கிப் பார்த்தோம். பெட்டியில் பெரிய பெரிய எண்கள் போட்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும், அல்லது ஒரு வட்டத்தை மட்டும் காட்டி மற்றதை இருட்டில் விடும். அண்ணைக்கு வேண்டியது அகலமான வெளிச்சம். சரி, நானே செய்வேன் என்றேன். அண்ணை சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் என்னை உசுப்பிவிட்டது.

அலுமாரியின் அடித்தட்டில் அண்ணையின் பழைய டோர்ச் கிடந்தது. இரண்டு பெரிய பற்றரி போடுகிற நீட்டு டோர்ச். அதன் உடம்பு நல்ல உலோகம் என்பதால் அதையே எடுத்தேன். பழுதான மடிக்கணினியின் பற்றரியை உடைத்து, உள்ளே உயிர் இருந்த செல் ஒன்றை டோர்ச்சுக்குள் இறக்கி, ஆடாமல் மட்டை சுற்றினேன். யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போய் பட்டன் அளவிலான எல்.ஈ.டி. ஒன்றும், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிற சின்னத் தகடு ஒன்றும் வாங்கினேன். கடைக்காரப் பொடியன் இது யாருக்கு என்று கேட்டான். எனக்குத்தான் என்றேன். அவன் நம்பவில்லை.

முதலில் அந்த எல்.ஈ.டி.யைப் பால்மாப் பேணியின் தகரத்தை வெட்டி அதில் ஒட்டினேன். ஏற்றியதும் குசினிச் சுவர் பகலாயிற்று. ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்க முன்னர் விரல் வைக்க முடியாத சூடு, பிறகு ஒரு நீல வெளிச்சம், பிறகு ஒன்றுமில்லை. பட்டன் அளவான ஒன்றுக்குள் இருந்து இவ்வளவு சூடு வருமென்று பாடப் புத்தகம் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த அலுமினியத் துண்டு. பழைய கணினி ஒன்றின் உள்ளே சூட்டை இழுத்து வெளியே விட வைத்திருந்த, சீப்புப் பல் மாதிரிப் பல் வைத்த துண்டு. அதை வட்டமாக அறுத்து, ராவி, டோர்ச்சின் கழுத்தில் பற்கள் வெளியே தெரியும்படி பூட்டினேன். காற்றுப் பட்டால் சூடு போய்விடும். மேசையில் ஏற்றி வைத்து, சோறு வடித்து, கறி கூட்டி, பாத்திரமும் கழுவி முடித்தேன். அது அசையாமல் எரிந்தது. தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடு. எனக்கு வந்த சந்தோஷத்தில் நாயையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

அண்ணை அதைக் கொண்டுபோனார். சில நாள் போயிற்று. பிறகு கருகிக்கொண்டு வந்தது. புது எல்.ஈ.டி. போட்டு, பசையை மாற்றி, கம்பியைத் தடித்ததாக்கிக் கொடுத்தேன். திரும்பவும் கருகிக்கொண்டு வந்தது. மேசையில் வைத்தால் எரிகிறது, அண்ணை கொண்டுபோனால் சாகிறது. அலுமினியப் பற்களுக்குள் நூல் மாதிரி ஏதோ கருகி ஒட்டியிருந்ததையும் கண்டேன். அண்ணை உடுத்திருந்த சாறத்தில் பட்டிருக்கும் என்று நினைத்துச் சுரண்டி எறிந்தேன்.

சூடு கூடினால் தானாக அணைந்துபோகிற சின்னச் சாமான் ஒன்று உண்டு, அதைப் பூட்டினால் எல்.ஈ.டி. தப்பும் என்று கடைக்காரப் பொடியன் சொன்னான். வாங்கிக்கொண்டு வந்து, மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்.ஈ.டி. தப்பும், உண்மைதான். ஆனால் அது எங்கே வைத்து அணையும்? தண்டவாளத்துக்கு நடுவில் அணைந்தால்? அதை அப்படியே மேசை லாச்சிக்குள் போட்டு மூடிவிட்டேன்.

தண்டவாளம் இல்லாத காலம்

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ரெயில் ஓடுகிற அந்தப் பாதையில் நீண்ட காலமாகத் தண்டவாளமே இருக்கவில்லை. இரும்பும் சிலிப்பர்க் கட்டையும் சண்டைக் காலத்தில் கழன்று, பதுங்குகிற பங்கருக்குக் கூரையாகப் போய்விட்டன. மிச்சமிருந்த மேட்டில் எருக்கலையும் நாயுருவியும் முளைத்தன. நாங்கள் அதில்தான் சைக்கிள் உருட்டினோம், பள்ளிக்கூடம் போனோம், மண்ணெண்ணெய் வாங்கப் போனோம். அந்த மேட்டில் ரெயில் வருமென்று யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. எங்கள் வயதுக்காரர் இன்றைக்கும் இரண்டு பக்கமும் பார்க்காமல் காலை வைத்துவிட்டுப் பிறகுதான் திடுக்கிடுகிறோம்.

கறண்டும் இல்லை. பற்றரி கண்ணில் காட்டாத பொருள். முடிந்துபோன பற்றரியை வெயிலில் காயவைத்து, அடியில் துளை போட்டு உப்புத்தண்ணி விட்டு, அதிலிருந்து இன்னும் ஒரு மிடறு வெளிச்சம் கறந்த சனம் நாங்கள். ஜாம் போத்தலில் ஒரு விரல் எண்ணெய் விட்டு, பஞ்சுத் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் நான் பட்டப்படிப்புக்குப் படித்தேன். அதைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கண் எரிச்சல்தான் நினைவிருக்கிறது.

வெளிச்சம் கிடைப்பது கஷ்டம். கிடைத்த வெளிச்சத்தை மற்றவர் காணாமல் வைத்திருப்பது அதைவிடக் கஷ்டம். மேலே ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் முதலில் விளக்கை ஊதுவோம், பிறகுதான் ஓடுவோம். ஒழுங்கையில் போனால் மதிலோரமாகப் போவோம். இதையெல்லாம் நான் எப்போதோ மறந்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலியோரம் நின்றேன்

திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசி முறையாக என்று சொல்லிப் புது எல்.ஈ.டி. போட்டுக் கொடுத்தேன். அண்ணைக்கு அதில் நம்பிக்கை இருக்கவில்லை. எனக்காக வாங்கிக்கொண்டு போனார். அன்று பின்னேரம், அவர் திரும்பி வருகிற நேரம் பார்த்து நானும் ஒழுங்கை முனைக்குப் போய்ப் பூவரச வேலியோரம் நின்றேன். அந்த டோர்ச்சை அவர் என்னதான் செய்கிறார் என்று பார்த்துவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

பின்னேர ரெயில் போய்விட்டது. பாதைக்கு அந்தப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. நான் செய்த வெளிச்சம் ஒழுங்கையை அடைத்துக்கொண்டு வருமென்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் வரவில்லை. செருப்புச் சத்தம் மட்டும் வந்தது.

பிறகு, இடுப்பளவு உயரத்தில் சிவப்பாக ஏதோ ஆடி ஆடி வந்தது. விரல்கள். அண்ணையின் இடது உள்ளங்கை டோர்ச்சின் கண்ணாடியை இறுகப் பொத்தியிருந்தது. விரல்களுக்குள்ளால் வெளிச்சம் இரத்தச் சிவப்பாகத் தெரிந்தது. தோளில் கிடக்கிற துவாயை எடுத்து டோர்ச்சின் கழுத்தைச் சுற்றியிருந்தார். சரியாக அந்த அலுமினியப் பற்களின் மேலே. கீழ்ப்பக்கமாகக் கசிந்த ஒரு சொட்டு வெளிச்சத்தில் தன் பெருவிரலைப் பார்த்து, அண்ணை தண்டவாளத்தைத் தாண்டினார்.

அந்தக் கையை எனக்குத் தெரியும்.

சண்டை கிட்ட வந்ததென்று ஊர் முழுக்கக் கிளம்பிப்போன அந்த மழை இரவில், சனத்துக்குள் நான் அதன் பின்னால்தான் நடந்தேன். இதே டோர்ச். அண்ணை முன்னால், இரண்டு பை தோளில் தொங்க நான் பின்னால். இந்தக் கையைப் பாத்துக்கொண்டு வா, வேறொண்டையும் பாக்காதை என்று சொன்னார். நான் வேறொன்றையும் பார்க்கவில்லை. அந்தச் சிவப்பு எங்கே போகிறதோ அங்கே போனேன். உயிரோடு போய்ச் சேர்ந்தேன்.

அந்தக் காலத்துப் பல்ப் கையைச் சுட்டதில்லை. அதற்கு அவ்வளவு சீவன் இருக்கவில்லை. நான் செய்து கொடுத்ததோ மூச்சுவிடக் காற்றுக் கேட்கிற சாமான். அதைத் துவாயால் போர்த்தால் வேறென்ன செய்யும், எரிந்து சாகத்தான் செய்யும்.

வேலியை விட்டு வெளியே வந்தேன். நான்தான் என்று சத்தம் கொடுத்தேன், அவர் பயப்படக்கூடாது என்பதற்காக.

"அண்ணை, லைற்றைக் கையாலை பொத்திக்கொண்டு வாறியள்."

"நான் எங்கை பொத்தினனான்?"

சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தார். வேறு யாரோ வைத்துவிட்டுப் போன கையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். மெல்லத் துவாயை அவிழ்த்தார். கையை எடுத்தார்.

ஒழுங்கை முழுக்க வெள்ளை வெளேரென்று திறந்தது. மதில், மதிலில் தேர்தல் நோட்டீஸ், மாட்டுச் சாணி, அடுத்த வீட்டு ஊதாக் கேற், எல்லாம். அண்ணை டோர்ச்சை ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் திருப்பினார்.

"பிள்ளை, மதில் தெரியுது," என்றார். கொஞ்சம் பொறுத்து, "அங்காலை கேற்றும் தெரியுது."

அவர் கண் மோசமாகிவிடவில்லை. அவருக்குத் தெரியாமல் அவர் கைதான் அவரைக் குருடாக்கி வைத்திருந்தது. இரண்டு பேரும் ஒழுங்கை நடுவில் நின்று சிரித்தோம். சிரிப்பு எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. அண்ணையும் மூக்கைத் துவாயில் துடைத்தார்.

குடை

காரணம் தெரிந்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆசிரியர்களுக்கு உள்ள வியாதி அது. வீட்டுக்கு நடக்கையில் பத்தடி போக முன்னரே அவருடைய இடக்கை தானாக எழுந்து கண்ணாடிக்கு வந்துவிட்டது. நான் சொன்னேன், எடுத்தார். திரும்ப வந்தது.

துவாயை வீட்டில் விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். உள்ளங்கை இருந்தது. டோர்ச்சை நெற்றியில் கட்டுகிற மாதிரிச் செய்து கொடுத்தேன். கட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கியவர் தலையைக் குனிந்தபடி நின்றுவிட்டார், நிமிரவே இல்லை. தலையிலை லைற்றோடை எப்பிடிப் பிள்ளை வெளியிலை நிக்கிறது என்று கேட்டார். கழற்றிவிட்டேன்.

கடைசியில் வழி கண்டது அண்ணைதான். ஒருநாள் வானத்தில் ஒரு முகிலும் இல்லாமல் இருக்க, குடையை எடுத்து இடக்கையில் பிடித்துக்கொண்டு வெளிக்கிட்டார். ஊன்றுகோல் பிடித்தால் வதனி உடனே டிக்கெட் அனுப்பிவிடுவாள், குடையென்றால் ஆருக்கும் ஐமிச்சம் வராது என்றார். கை சும்மா இருந்தால்தானே பொத்தும்.

கொட்டிலில் நல்ல நக்கலாம். சுட்டெரிக்கிற மாதத்தில் குடையோடு வருகிறவருக்கு வேறு என்ன கிடைக்கும்? ஆரம்பத்தில் குடையோடு சேர்ந்தே கை எழுந்து வெளிச்சத்துக்கு முன்னால் வந்ததாம். போகப்போக நடுவழியில் நின்றதாம். பிறகு எழவில்லை. டோர்ச் கருகவும் இல்லை. நான் செய்த சாமான்களுக்குள் ஒழுங்காக வேலை செய்த பாகம் நான் செய்யாத அந்தக் குடைதான்.

வதனி வந்தாள். அண்ணை வழக்கம்போல வெயில் தாழ்ந்ததும் சீட்டாடப் போனார். அவருக்குச் சொல்லாமல் நானும் அவளும் போய்ப் பாதைக்கு இந்தப் பக்கம் நின்றோம். பின்னேர ரெயில் எங்களைத் தாண்டிப் போயிற்று. வதனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல் சில்லென்றிருந்தது. அப்பா விழுந்தால் நான் ஓடிப்போய்த் தூக்குவேன், நீங்கள் மறிக்கக்கூடாது மாமி என்றாள்.

அந்தப் பக்கத்து ஒழுங்கையில் முதலில் மதில் ஒன்று வெளித்தது. பிறகு சரளைக் கல், பிறகு தண்டவாளம் இரண்டு கோடாக மின்னியது. பிறகு வெளிச்சம் முழுசாக எங்கள் பக்கம் திரும்பியது. அதன் பின்னால் அண்ணை. குடையைக் கொட்டிலிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். இடக்கை சும்மா, தன்பாட்டில், நடைக்கேற்ப ஆடிக்கொண்டு வந்தது.

இதற்காகத்தான் நான் அத்தனை நாளும் பாடுபட்டேன். துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் அவ்வளவு வெளிச்சம், திறந்த வெளியில், வானத்துக்குக் கீழே. என் வாய் என்னைக் கேட்கவில்லை.

"அண்ணை, லைற்றைப் பொத்துங்கோ!"

வதனி திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கவில்லை. அந்தக் காலத்தில் கைக்குழந்தையாக இருந்தவள், அவளுக்கு எப்படி விளங்கும்?

அண்ணை தண்டவாளத்துக்கு முன்னால் நின்றார். டோர்ச்சை ஒரு பக்கம் பிடித்துப் பார்த்தார். மற்றப் பக்கமும் பிடித்துப் பார்த்தார். பிறகு அவசரப்படாமல் தாண்டினார்.

"இனி ஆருக்குப் பிள்ளை பொத்திறது?" என்றார்.

கிட்ட வந்ததும் வெளிச்சம் வதனியின் மேல் விழுந்தது. அண்ணை அப்படியே நின்றார்.

"நீயும் நிக்கிறியோ மோனை? உன்ரை முகம் தெரியுது."

வதனி முன்னால் போய் அவர் கையைப் பிடித்தாள். கூட்டிக்கொண்டு நடக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு, விட்டாள்.

"நீங்கள் முன்னாலை போங்கோ அப்பா. நாங்கள் பின்னாலை வாறம்."

அண்ணை முன்னால் நடந்தார். வதனி அவர் பின்னால் நடந்தாள். ஒழுங்கை முழுக்க வெளிச்சமாக இருந்தது. நான் மட்டும் வீடு வரும்வரை மதிலோரமாகவே நடந்தேன்.